குழந்தைகளோடு தென்னாப்பிரிக்காவுக்குக் குடிபெயர: எதை முதலில், எதைப் பின்னால்

டர்பனுக்கோ ஜோகன்னஸ்பர்க்குக்கோ வேலை உத்தரவு கைக்கு வந்ததும் பெரும்பாலோர் முதலில் பார்ப்பது விமானக் கட்டணத்தை. கைக்குழந்தையோ பள்ளி போகும் பிள்ளையோ இருக்கிற வீட்டில் அது கடைசி வேலை. பள்ளி வயதுப் பிள்ளையின் விசாவுக்குப் பள்ளியின் சேர்க்கைக் கடிதம் வேண்டும். பள்ளி முகவரி கேட்கும். வாடகை வீட்டுக்காரர் சம்பளச் சீட்டும் வங்கிக் கணக்கு விவரமும் கேட்பார். வங்கி மறுபடி முகவரிச் சான்று கேட்கும். இந்தச் சிக்கலை எந்த நுனியில் பிடித்து அவிழ்ப்பது என்று தெரிந்துவிட்டால் மற்றதெல்லாம் அலைச்சல்தான், ஆபத்தில்லை. தமிழ்நாட்டிலிருந்து வேலை விசாவில் வரும் இளங்குடும்பங்களை மனதில் வைத்து இதை எழுதுகிறோம்.

ஆறு மாதத்துக்கு முன்: பெயரைச் சரிசெய்யுங்கள்

தென்னாப்பிரிக்காவில் எந்தப் படிவத்தை எடுத்தாலும் குடும்பப்பெயர் என்று ஒரு கட்டம் இருக்கும். 1860இல் ட்ரூரோ கப்பலில் தொடங்கி மதராஸிலிருந்து கரும்புத் தோட்டங்களுக்கு வந்தவர்களின் வழித்தோன்றல்களுக்கு அது பிரச்சினையே இல்லை. கோவெண்டர், நாயுடு, பிள்ளை, மூட்லி, படையாச்சி என்று தலைமுறை தலைமுறையாக ஒரே பெயர். தலைப்பெழுத்தோடு வாழ்கிற நமக்குத்தான் சிக்கல்.

ஒரு மாதிரிக் குடும்பத்தைப் பாருங்கள். கணவர் செந்தில், அவருடைய அப்பா முருகேசன். கணவரின் பாஸ்போர்ட்டில் குடும்பப்பெயர் முருகேசன். மனைவிக்கும் குழந்தைக்கும் குடும்பப்பெயர் செந்தில். ஒரே வீட்டில் அப்பாவுக்கு மட்டும் வேறு பெயர். மனைவி திருமணத்துக்குப் பிறகும் தன் அப்பா பெயரையே வைத்திருந்தால் மூன்று பேருக்கு மூன்று பெயர். குடியேற்ற மேசையிலும் பள்ளி அலுவலகத்திலும் மருத்துவக் காப்பீட்டிலும் "இது உங்கள் குழந்தைதானா" என்ற கேள்வி வரும். பெயரை மாற்றிக்கொள்ளத் தேவையில்லை. செய்யவேண்டியவை இவை:

1. பாஸ்போர்ட்டில் குடும்பப்பெயர்க் கட்டம் காலியாக இருந்தால் மறுவெளியீட்டில் பெயரைப் பிரித்துக்கொள்ளுங்கள். காலிக் கட்டத்தோடு போனால் விசாவில் ஒரு மாதிரி, டிக்கெட்டில் ஒரு மாதிரி, வங்கியில் ஒரு மாதிரி என்று பெயர் பல்கிப் பெருகும். மற்ற எந்தத் தாளையும் வாங்கும் முன்பே இதை முடிக்கவேண்டும்.

2. குழந்தையின் பிறப்புச் சான்றிதழில் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். மருத்துவமனையிலிருந்து பதிவாகும்போது பெயர் வைத்திருக்க மாட்டோம். அந்த இடம் வெறுமையாகவே கிடக்கும். பிறந்த 12 மாதத்துக்குள் கட்டணமில்லாமலும், அதன்பின் 15 ஆண்டு வரை தாமதக் கட்டணத்துடனும் பெயரைச் சேர்க்கலாம். தாய் தந்தை இருவர் பெயரும் அதில் இருக்கவேண்டும். பாஸ்போர்ட்டில் உள்ள எழுத்துக்கூட்டலோடு ஒத்துப்போகவேண்டும்.

3. கோயிலிலோ மண்டபத்திலோ தந்த திருமணச் சீட்டு போதாது. தமிழ்நாடு திருமணப் பதிவுச் சட்டம் 2009இன்படி சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்த சான்றிதழ் வேண்டும்.

4. பிறப்பு, திருமணச் சான்றிதழ்களுக்கும் பட்டங்களுக்கும் அப்போஸ்டில் முத்திரை (வெளிநாட்டில் செல்லுபடியாக்கும் அங்கீகாரம்) வாங்கிவிடுங்கள். முதலில் மாநில அரசின் சரிபார்ப்பு, பிறகு வெளியுறவு அமைச்சக முத்திரை. சான்றிதழை லேமினேட் செய்து வைத்திருந்தால் முத்திரை ஒட்ட வழியில்லை, திருப்பி அனுப்புவார்கள். அந்தப் பழக்கம் நம் ஊரில் அதிகம் என்பதால் சொல்கிறோம்.

வேலைக்குப் போகிறவரின் பட்டத்தைத் தென்னாப்பிரிக்கத் தகுதிகள் ஆணையமான சாக்வா மதிப்பிடவேண்டியிருந்தால் அதையும் இப்போதே தொடங்குங்கள். பல்கலைக்கழகம் பதில் எழுதாமல் இழுத்தடித்தால் எல்லாமே அங்கே நின்றுவிடும்.

விசா: நான்கு பேருக்கு நான்கு விண்ணப்பம்

குடும்ப விசா என்று ஒன்று கிடையாது. வேலைக்குப் போகிறவருக்கு வேலை விசா. துணைக்கு உடன்வருபவருக்கான நீண்டகாலப் பார்வையாளர் விசா. பள்ளி வயதுப் பிள்ளைக்குப் படிப்பு விசா. அதற்குக் கீழே உள்ள குழந்தைக்குப் பார்வையாளர் விசா. ஒவ்வொன்றுக்கும் தனிப் படிவம், தனிக் கட்டணம்.

வேலை விசாவில் என்ன வகை என்பதைக் கம்பெனியிடம் தெளிவாகக் கேளுங்கள். கம்பெனிக்குள் மாற்றலாகி வருகிற விசா அதிகபட்சம் 4 ஆண்டு, நீட்டிப்பு இல்லை. ஆள் பற்றாக்குறை உள்ள தொழில்களுக்கான அரிய திறன் விசா 5 ஆண்டு வரை கிடைக்கும், பின்னால் நிரந்தரக் குடியிருப்புக்கு வழியும் உண்டு. 2024 அக்டோபரில் வேலை விசாக்களுக்கு 100 புள்ளிகள் சேரவேண்டிய முறை வந்தது; அரிய திறன் பட்டியலில் உள்ள தொழிலாக இருந்தால் அந்த 100 அப்படியே கிடைத்துவிடும். பிள்ளைகளை ஊன்றிப் படிக்கவைக்க நினைப்பவர்கள் 4 ஆண்டு மாற்றல் விசாவில் வரும்போது, அதன் முடிவு பிள்ளையின் எந்த வகுப்பில் வருகிறது என்று விரல்விட்டு எண்ணிப் பார்த்துக்கொள்வது நல்லது.

துணையின் விசாவில் வேலை செய்ய முடியாது. வீட்டிலிருந்து செய்யும் பகுதிநேர வேலையும் இதில் அடங்கும். இரண்டு சம்பளத்தில் ஓடிய குடும்பம் ஒரு சம்பளத்துக்கு இறங்குகிறது என்பதை வேலை உத்தரவில் கையெழுத்துப் போடும் முன் கணக்கில் எடுங்கள். துணைக்கும் அரிய திறன் இருந்தால் அவருக்கென்று வேலை கிடைத்து, தனியாக விசா மாற்றிக்கொள்ளலாம்.

தேதிகள்தான் அதிகம் தடுக்கிவிடும். காவல்துறைச் சான்றும் மருத்துவ அறிக்கையும் மார்பு எக்ஸ்ரே அறிக்கையும் விண்ணப்பிக்கும் நாளில் 6 மாதத்துக்கு மேல் பழையதாக இருக்கக்கூடாது. காவல்துறைச் சான்று 18 வயதுக்குப் பிறகு 12 மாதமோ அதற்கு மேலோ வாழ்ந்த ஒவ்வொரு நாட்டிலிருந்தும் வேண்டும். இடையில் துபாயிலோ சிங்கப்பூரிலோ வேலை பார்த்தவர்கள் அங்கிருந்தும் வரவழைக்கவேண்டும், அதுதான் நாளாகும். எனவே வெளிநாட்டுச் சான்றை முதலில் கேட்டுவிட்டு, இந்தியச் சான்றையும் எக்ஸ்ரேயையும் கடைசியில் எடுங்கள். 12 வயதுக்குக் கீழுள்ள குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் எக்ஸ்ரே வேண்டாம்.

அப்பா முதலில் போய் வீடு பார்த்து, அம்மா பிள்ளைகளை அழைத்துக்கொண்டு பின்னால் வருவது நம் வழக்கம். அப்படி வந்தால் "என் பிள்ளைகள் தாயுடன் பயணம் செய்யச் சம்மதிக்கிறேன்" என்று அப்பா உறுதிமொழிப் பத்திரம் எழுதித் தரவேண்டும். கூடவே அவருடைய பாஸ்போர்ட் நகலும் தொலைபேசி எண்ணும். 2015இல் கடுமையாக வந்த விதி பிறகு தளர்ந்தது உண்மை. ஆனாலும் பிறப்புச் சான்றிதழும் சம்மதப் பத்திரமும் கைப்பையில் இல்லாமல் குழந்தையோடு கிளம்பாதீர்கள். பெட்டிக்குள் போட்டுச் சரக்கில் அனுப்பிவிட்டால் கவுன்டரில் காட்ட ஒன்றுமிருக்காது.

எந்த மாதம் போவது

அங்கே கல்வி ஆண்டு ஜனவரி நடுவில் தொடங்கி டிசம்பர் முதல் பாதியில் முடியும், நான்கு பருவங்கள். நம் ஊரில் ஏப்ரலில் பரீட்சை எழுதிவிட்டு ஜூனில் போய் இறங்கினால் பிள்ளை ஆண்டின் நடுவில் நுழைகிறது. மாதத்தைத் தேர்வு செய்யும் உரிமை உங்களிடம் இருந்தால் செப்டம்பர் கடைசியிலிருந்து நவம்பர் தொடக்கத்துக்குள் போய்ச் சேருங்கள். வீடு பார்க்க, முகவரி வாங்க, பள்ளியை நேரில் பார்க்க இரண்டு மாதம் கிடைக்கும். பிள்ளை ஜனவரியில் மற்றவர்களோடு சேர்ந்தே வகுப்பில் உட்காரும். டிசம்பர் நடுவில் மட்டும் போகாதீர்கள். 16ஆம் தேதிக்குப் பிறகு ஜனவரி முதல் வாரம் வரை நாடே விடுமுறையில் இருக்கும். வீட்டுத் தரகர், பள்ளி அலுவலகம், குழாய் சரிசெய்பவர் என்று யாரும் அகப்படமாட்டார்கள்.

எந்த வகுப்பு என்பதை வயதுதான் தீர்மானிக்கும். குழந்தைக்கு 7 வயது நிறைகிற ஆண்டின் ஜனவரியில் கிரேடு 1. அந்த ஆண்டு ஜூன் 30க்குள் 6 நிறைகிற குழந்தையையும் சேர்க்கலாம். உதாரணமாக 2020 ஆகஸ்டில் பிறந்த குழந்தை தமிழ்நாட்டில் 2026 ஜூனில் ஒன்றாம் வகுப்புக்குப் போகும். தென்னாப்பிரிக்காவில் 2027 ஜனவரியில்தான் கிரேடு 1. அரை ஆண்டு பின்னால் போகிறதே என்று சண்டை போட்டு மேல் வகுப்பில் சேர்க்கும் பெற்றோர் உண்டு. நாங்கள் அதைச் சொல்லமாட்டோம். கணக்கில் நம் பிள்ளை முன்னால்தான் இருக்கும். ஆனால் ஆங்கிலத்திலேயே பேசி விளையாடி, புதிதாக ஒரு மொழியும் கற்கவேண்டிய ஆண்டில் அந்த அரை ஆண்டு இளைப்பாறல் வீணாவதில்லை.

அந்தப் புதிய மொழி, டர்பன் இருக்கும் மாகாணமான குவாசுலு-நட்டாலில் பெரும்பாலும் சுலு அல்லது ஆஃப்ரிகான்ஸ். சிறு வகுப்பில் சேரும் குழந்தை எளிதாகப் பிடித்துக்கொள்ளும். உயர் வகுப்பில் சேரும் பிள்ளைக்குப் பல ஆண்டுப் பாடம் விடுபட்டிருக்கும். வெளிநாட்டிலிருந்து வரும் மாணவர்களுக்கான மொழிச் சலுகை பொருந்துமா என்று சேர்க்கும்போதே கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள்.

அரசுப் பள்ளி என்றால் இலவசம் என்று நினைக்கவேண்டாம். ஏழ்மையான பகுதிகளில் கட்டணமில்லாப் பள்ளிகள் உண்டு. நீங்கள் குடியிருக்கப்போகும் பகுதியில் அரசுப் பள்ளியும் கட்டணம் வாங்கும், அதைப் பள்ளியின் நிர்வாகக் குழு தீர்மானிக்கும். ஜோகன்னஸ்பர்க் இருக்கும் கௌட்டெங் மாகாணத்தில் கிரேடு 1, கிரேடு 8 சேர்க்கை இணையம் வழியாக முந்தின ஆண்டின் நடுவிலேயே நடக்கிறது. மற்ற வகுப்புகளுக்கு நேரடியாகப் பள்ளியிடம். குவாசுலு-நட்டாலில் பள்ளிக்கே எழுதவேண்டும். ஐந்தாறு பள்ளிகளுக்கு ஒரே நாளில் மின்னஞ்சல் அனுப்புங்கள்: பிறப்புச் சான்றிதழ், தடுப்பூசி அட்டை, கடைசி மதிப்பெண் அறிக்கை, பெற்றோர் பாஸ்போர்ட், வேலைக் கடிதம். "படிப்பு விசாவுக்காகத் தற்காலிகச் சேர்க்கைக் கடிதம் வேண்டும், வகுப்பும் காலமும் அதில் குறிப்பிடவேண்டும்" என்று அந்தச் சொற்களிலேயே கேளுங்கள். முகவரி கேட்டால் அலுவலகம் இருக்கும் பகுதியையும் அங்கேயே வீடு பார்க்கவிருப்பதையும் கம்பெனிக் கடிதத்தில் எழுதி வாங்கித் தரலாம். தனியார் பள்ளிகள் இதற்கு எளிதில் இசையும், கட்டணம்தான் கனம்.

பள்ளி மதியம் ஒன்றரை, இரண்டு மணிக்கெல்லாம் விட்டுவிடும். அதற்குப் பிறகு பள்ளியிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளும் ஆஃப்டர்கேருக்குத் தனிப் பணம். மதிய உணவு வீட்டிலிருந்து டப்பாவில்.

பெட்டியில் என்ன

மின்சாரம் இந்தியாவைப் போலவே 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். மிக்ஸி, கிரைண்டர், இட்லி குக்கர் எல்லாம் அப்படியே ஓடும். பிளக்தான் வேறு. நம் வீட்டில் கீசருக்கும் ஏசிக்கும் இருக்கும் பெரிய மூன்று முனை 16 ஆம்ப் பிளக் அங்கே நேராகப் பொருந்தும். மிக்ஸியில் உள்ள சின்ன மூன்று முனை பொருந்தாது. எர்த் இல்லாத மலிவு அடாப்டரில் கிரைண்டரைச் சொருகாதீர்கள். போனதும் ஹார்டுவேர் கடையில் உள்ளூர்ப் பிளக் வாங்கி மாற்றிவிடுங்கள். ஐந்து நிமிட வேலை. இரண்டு முனை போன் சார்ஜர் பெரும்பாலான சுவர்களில் போகும்.

ஜூன், ஜூலை அங்கே குளிர்காலம். டர்பனில் ஒரு மெல்லிய ஸ்வெட்டர் போதும். ஜோகன்னஸ்பர்க் கடல்மட்டத்துக்கு மேல் சுமார் 1,750 மீட்டர்; இரவில் பூச்சியத்தை ஒட்டி இறங்கும், வீடுகளில் வெப்பமூட்டும் வசதியும் இருக்காது. குழந்தைகளுக்கு இரண்டு நாளைக்கான கம்பளி உடுப்பு மட்டும் கையில் கொண்டுபோய், மிச்சத்தை அங்கே பெப், ஆக்கர்மன்ஸ் போன்ற மலிவுக் கடைகளில் வாங்குங்கள். கோயம்புத்தூரில் தேடி வாங்கும் ஸ்வெட்டரைவிட விலையும் குறைவு, கதகதப்பும் அதிகம்.

நெய், பால்கோவா, கருவாடு, விதைகள், கறிவேப்பிலைக் கன்று எதையும் எடுத்துப்போகாதீர்கள். பால், இறைச்சி, செடி வகைகளுக்கு இறக்குமதி அனுமதி வேண்டும். விமான நிலையத்தில் பறிகொடுப்பீர்கள். மருந்து ஒரு மாதத்துக்கு மட்டும், மருத்துவர் சீட்டோடு.

விமான வழியில் ஒரு சங்கதி. நேரடி விமானம் கிடையாது. அடிஸ் அபாபா, நைரோபி வழியாகப் போனால் டிக்கெட் சில சமயம் மலிவு. ஆனால் மஞ்சள் காய்ச்சல் உள்ள நாட்டில் 12 மணி நேரத்துக்கு மேல் காத்திருந்தால் ஒரு வயதுக்கு மேற்பட்ட எல்லோருக்கும் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்று வேண்டும். ஊசி போட்டு 10 நாள் கழித்துத்தான் சான்று செல்லும். டர்பன் போகிறவர்கள் துபாயில் மட்டும் மாறினால் போதும்.

முதல் இரண்டு வாரம்: முகவரிதான் சாவி

சிம் கார்டுக்கே, வாங்குபவரைப் பதிவு செய்யச் சொல்லும் ரிக்கா சட்டப்படி பாஸ்போர்ட்டும் முகவரிச் சான்றும் வேண்டும். வங்கிக்கு, வாடிக்கையாளரைச் சரிபார்க்கச் சொல்லும் ஃபிக்கா சட்டப்படி அதேதான், மூன்று மாதத்துக்கு உட்பட்டதாக. சில நாள் தங்கும் அறையின் ரசீது இதற்கு உதவாது. எனவே தற்காலிகத் தங்குமிடம் எடுக்கும்போது நான்கு முதல் ஆறு வாரத்துக்கு, உரிமையாளர் கையெழுத்துப் போட்ட ஒரு பக்க ஒப்பந்தத்தோடு எடுங்கள். அதோடு கம்பெனியின் கடிதத்தில் "இன்னார் இந்த முகவரியில் குடியிருக்கிறார்" என்று ஒரு வரி. தேவைப்பட்டால் அந்த உரிமையாளரின் உறுதிமொழியையும் பக்கத்துக் காவல் நிலையத்தில் வாங்கலாம். நகல்களுக்குச் சான்றொப்பமும் அங்கேதான், இலவசமாக. எல்லாவற்றிலும் ஐந்து ஐந்து நகல் எடுத்து ஒரே நாளில் போடச் சொல்லுங்கள். மூன்று மாதத்துக்கு மேல் பழைய சான்றொப்பத்தைப் பல அலுவலகங்கள் ஏற்காது என்பதால் அதற்கு மேல் போட்டு வைத்தும் பயனில்லை.

வரிசை இப்படி: கம்பெனிக் கடிதம், தற்காலிக ஒப்பந்தம், சிம், வங்கிக் கணக்கு, முதல் சம்பளம், நிலையான வீடு. வங்கிக்கு முன் வீட்டைப் பிடிக்க ஓடுகிறவர்கள்தான் ஆறு மாத வாடகையை முன்பணமாகக் கொடுத்து மாட்டிக்கொள்கிறார்கள்.

ஊரில் உள்ள சேமிப்புக் கணக்கை வெளிநாடுவாழ் இந்தியருக்கான என்ஆர்ஓ கணக்காக மாற்றவேண்டியது சட்டக் கடமை. கிளம்பும் முன் வங்கியில் சொல்லிவிடுங்கள். ஓடிபி வரும் இந்திய எண்ணை ரோமிங்கோடு உயிரோடு வைத்திருங்கள். இல்லாவிட்டால் அங்கிருந்து ஒரு ரூபாய் நகர்த்த முடியாது.

வீடு பார்க்கும்போது

குழந்தைகள் உள்ளவர்கள் முதலில் கேட்கவேண்டியது வாடகையை அல்ல, நீச்சல் குளத்தை. தனி வீடுகளில் குளம் சாதாரணம். வேலியும் தானே மூடும் கதவும் இருக்கிறதா, மேலே வலை போடலாமா என்று பாருங்கள். "நாங்கள் கவனித்துக்கொள்வோம்" என்று எடுக்கும் வீட்டை வேண்டாம் என்போம். ஐந்து வயதுக்குக் கீழே குழந்தை இருந்தால் குளமில்லாத காம்ப்ளெக்ஸே மேல். காவல், கேட், பக்கத்திலேயே விளையாடப் பிள்ளைகள் எல்லாம் சேர்ந்து கிடைக்கும்.

அடுத்தது தண்ணீர் சூடேற்றும் கீசர். நம் ஊர்ப் பெட்டிக் கீசர் இல்லை. சாதாரணமாக 150 லிட்டர், 3 கிலோவாட். 20 டிகிரித் தண்ணீரை 60க்கு ஏற்ற ஏறக்குறைய 7 யூனிட் ஆகும், இரண்டேகால் மணி நேரம் ஓடும். எந்நேரமும் போட்டே வைத்திருப்பதுதான் அங்குள்ள பழக்கம். முதல் மாத மின்செலவில் மயக்கம் வருவது இதனால்தான். டைமர் பொருத்தச் சொல்லுங்கள். வெப்பநிலையையும் பாருங்கள்: அதிகமாக வைத்திருந்தால் குழாயைத் திறக்கும் குழந்தையின் கை வெந்துவிடும்.

மின்சாரம் பெரும்பாலும் முன்கட்டண மீட்டர். கடையிலோ வங்கிச் செயலியிலோ பணம் கட்டினால் 20 இலக்க எண் வரும், அதை மீட்டரில் அடிக்கவேண்டும். ஒப்பந்தம் போடும் முன் சின்னத் தொகைக்கு ஒன்று வாங்கி அடித்துப் பாருங்கள். பழைய குடித்தனக்காரரின் பாக்கி மீட்டரில் இருந்தால் அப்போதே தெரிந்துவிடும். திட்டமிட்ட மின்வெட்டு 2024க்குப் பிறகு வெகுவாகக் குறைந்திருக்கிறது. இன்வெர்ட்டர் இருந்தால் லாபம், அதற்காகக் கூடுதல் வாடகை கொடுப்பது உங்கள் இஷ்டம்.

அடுப்பும் அலமாரிகளும் வீட்டோடு இருக்கும். ஃபிரிட்ஜும் துணி துவைக்கும் இயந்திரமும் நீங்கள் வாங்கவேண்டும். அடுப்பு இண்டக்‌ஷன் என்றால் ஊரிலிருந்து கொண்டுவந்த அலுமினியக் குக்கர் அதில் சூடேறாது.

முன்பணம் பற்றி வாடகை வீட்டுச் சட்டம் தெளிவாகவே இருக்கிறது. முன்பணத்தை வட்டி வரும் கணக்கில் வைக்கவேண்டும். குடிபுகும்போதும் காலி செய்யும்போதும் இருதரப்பும் சேர்ந்து வீட்டைச் சோதித்துக் குறை எழுதவேண்டும். சேதம் இல்லையென்றால் 7 நாளில் வட்டியோடு திருப்பவேண்டும்; பழுது பார்த்துக் கழிப்பதாக இருந்தால் 14 நாள். முதல் சோதனையில் சுவரில் ஆணி அடித்த துளை வரை புகைப்படம் எடுத்து அன்றே மின்னஞ்சலில் அனுப்புங்கள். கதவுப் பூட்டுக்கே நான்கு படம் எடுப்பது அதிகமாகத் தோன்றும், பரவாயில்லை. வேலை போய் ஊர் திரும்ப நேர்ந்தால், நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி 20 வேலைநாள் முன்னறிவிப்புக் கொடுத்து ஓராண்டு ஒப்பந்தத்தையும் முறிக்கலாம். நியாயமான அளவு அபராதம் கேட்கலாம். மிச்ச மாத வாடகை முழுவதையும் கேட்கமுடியாது.

முதல் மாதத்துக்கு எவ்வளவு பணம்? இரண்டு மாத முன்பணமும் ஒரு மாத வாடகையும் சேர்ந்தாலே வாடகையின் மூன்று மடங்கு. அதோடு ஃபிரிட்ஜ், மெத்தை, பள்ளிப் பதிவு, சீருடை, கார் முன்பணம். மூன்று மாதச் சம்பளத்துக்கு ஈடான தொகை கையில் இல்லாமல் நால்வராகக் கிளம்பாதீர்கள்.

குழந்தையின் உடம்பு

மருத்துவக் காப்பீட்டில் இரண்டு காத்திருப்புக் காலங்கள் உண்டு. புதிதாகச் சேர்பவருக்குப் பொதுவாக 3 மாதம் வரை எந்தச் சலுகையும் இல்லாமல் காத்திருக்கவைக்கலாம். ஏற்கெனவே உள்ள நிலைக்கு 12 மாதம். கர்ப்பத்தோடு சேர்ந்தால் அந்தப் பிரசவம் இந்த 12 மாதத்துக்குள் விழுந்துவிடும். இரண்டாவது குழந்தைக்கு ஆசைப்படுபவர்கள் போன உடனே சேருங்கள், கணக்குப் போட்டுச் சேருங்கள். கம்பெனி வழியான குழுத் திட்டத்தில் சில நேரம் காத்திருப்பைத் தள்ளுபடி செய்வார்கள். வேலை உத்தரவில் கையெழுத்திடும் முன் கேட்பதற்கான கேள்வி இது.

தடுப்பூசி அட்டவணை ஒத்துப்போகாது. இந்தியாவில் தட்டம்மை-ரூபெல்லா ஊசி 9 மாதத்திலும், பிறகு 16 முதல் 24 மாதத்துக்குள்ளும். அங்கே அது 6 மாதத்திலும் 12 மாதத்திலும். ஆறு நோய்களுக்கான கூட்டுத் தடுப்பூசி 6, 10, 14 வாரத்திலும் 18 மாதத்திலும். எதையும் முதலிலிருந்து போடவேண்டியதில்லை. ஊசியின் பெயரும் தேதியும் ஆங்கிலத்தில் தெளிவாக எழுதி, மருத்துவர் கையெழுத்தோடு கொண்டுவாருங்கள். பக்கத்து அரசு கிளினிக்கில் குழந்தையின் தடுப்பூசிகளைப் பதியும் "ரோடு டு ஹெல்த்" கையேடு வாங்கி, விடுபட்டதை மட்டும் போட்டுக்கொள்ளலாம். கிளிக்ஸ், டிஸ்-கெம் மருந்துக் கடைகளில் உள்ள செவிலியரும் பணம் வாங்கிக்கொண்டு போடுவார்.

ஆன்டிபயாடிக் மருந்துச் சீட்டில்லாமல் எங்கும் கிடைக்காது. காய்ச்சல் மருந்தில் அளவைக் கவனியுங்கள். அங்கே வீட்டுக்கு வீடு இருக்கும் பனாடோ சிரப்பில் 5 மில்லிக்கு 120 மி.கி. பாராசிட்டமால். இந்தியாவில் 5 மில்லிக்கு 250 மி.கி. சிரப்பும் உண்டு. "அஞ்சு மில்லி" என்று பழகிய கை இரண்டையும் ஒன்றாக நினைத்தால் ஒன்றில் காய்ச்சல் இறங்காது, மற்றதில் மருந்து இரட்டிப்பாகும். குழந்தையின் எடைக்கு எத்தனை மில்லிகிராம் என்று எழுதிப் பாட்டிலிலேயே ஒட்டுங்கள்.

டர்பனிலும் ஜோகன்னஸ்பர்க்கிலும் மலேரியா இல்லை. குரூகர் வனப் பகுதிக்கோ குவாசுலு-நட்டாலின் வடகோடிக்கோ விடுமுறைக்குப் போனால் உண்டு. ஆம்புலன்ஸ் 10177, காவல்துறை 10111, கைபேசியிலிருந்து 112.

கார்

கார் இல்லாமல் குழந்தைகளோடு வாழ்வது கடினம். ஜோகன்னஸ்பர்க்கையும் பிரிட்டோரியாவையும் விமான நிலையத்தையும் இணைக்கும் கௌட்ரெய்ன் ரயில் நன்றாக ஓடுகிறது. அதன் தடத்துக்கு வெளியே மினிபஸ் டாக்சிதான். இடதுபக்க ஓட்டம் என்பதால் நமக்குச் சிரமமில்லை. இந்திய உரிமத்தோடு சர்வதேச ஓட்டுநர் அனுமதியும் ஊரிலேயே ஆர்டிஓவில் வாங்கிவாருங்கள், ஓராண்டு செல்லும். கார் வாங்குவதற்கு முன் போக்குவரத்துப் பதிவு எண் வாங்கவேண்டும். உள்ளூர் அடையாள அட்டை இல்லாதவர் பெயரில் அது இல்லாமல் வண்டியைப் பதிய முடியாது. பலர் பணம் கட்டிய பிறகுதான் இதைத் தெரிந்துகொள்கிறார்கள்.

மூன்று வயதுக்குக் கீழுள்ள குழந்தைக்குக் கார் இருக்கை 2015 மே மாதத்திலிருந்து கட்டாயம். மடியில் வைத்துக்கொள்வது அங்கே நெடுஞ்சாலை வேகத்தில் விபரீதம். சிக்னலில் நிற்கும்போது கைப்பையும் போனும் கண்ணில் படாமல் இருக்கட்டும்.

அக்கம்பக்கமும் அடுப்படியும்

பக்கத்து வீட்டுக் கோவெண்டர் ஆன்டி தமிழில் பேசுவார் என்று எதிர்பார்க்காதீர்கள். சில தலைமுறைகளாக வீட்டுமொழி ஆங்கிலம். ஆனால் புரட்டாசி முழுக்கக் கறி தொடமாட்டார், தைப்பூசத்துக்குக் காவடி எடுப்பார், ஆடியில் கூழ் ஊற்றுவார். "உங்களுக்குத் தமிழ் தெரியாதா" என்று கேட்டு அவரைச் சங்கடப்படுத்துவது புதிதாக வருபவர்கள் செய்கிற அசட்டுத்தனம். புனித வெள்ளி நேரத்தில் இசிபிங்கோ, மவுண்ட் எட்ஜ்கம்ப் மாரியம்மன் கோயில்களுக்குப் பிள்ளைகளை அழைத்துப்போங்கள். அறிமுகங்கள் அங்கே தானாகக் கிடைக்கும். தீபாவளிக்குப் பொது விடுமுறை இல்லை, அலுவலகத்திலும் பள்ளியிலும் முன்கூட்டியே சொல்லிவையுங்கள். குவாசுலு-நட்டாலில் சில பள்ளிகளில் தமிழைக் கூடுதல் பாடமாக எடுக்க வழியுண்டு. எழுத்தறிவுக்கு அது உதவும். பேச்சு வீட்டில்தான் நிற்கும்.

மளிகைக்கு டர்பனில் விக்டோரியா தெரு மார்க்கெட், ஜோகன்னஸ்பர்க்கில் ஃபோர்ட்ஸ்பர்க். இட்லி அரிசி எப்போதும் கிடைக்காது. சூப்பர் மார்க்கெட்டில் உள்ள டேஸ்டிக் நீள அரிசி புழுங்கல்தான், நான்குக்கு ஒன்று உளுந்து போட்டு அரைத்தால் இட்லி வரும், கொஞ்சம் கரகரப்பாக. ஜோகன்னஸ்பர்க் குளிரில் மாவு புளிக்காது: ஓவனைச் சூடாக்காமல் அதன் விளக்கை மட்டும் போட்டு உள்ளே வைத்துவிடுங்கள். மசாலாப் பொடி வாங்கும்போது காரத்தை விசாரியுங்கள், டர்பன் கலவைகள் பிள்ளைகளுக்கு ஆகாது. சேப்பங்கிழங்கு மடும்பி என்ற பெயரில் சாலையோரத்திலேயே விற்கும்.

தாத்தா பாட்டிக்குப் பேச மாலை நான்கு மணி வசதி. ஊரில் அப்போது ஏழரை. அவர்கள் வந்து தங்கப் பார்வையாளர் விசா 90 நாள்; பயணக் காப்பீடு இல்லாமல் அழைக்காதீர்கள்.

காலண்டரில் குறிக்கவேண்டியவை

விசாப் புதுப்பிப்பை முடிவு தேதிக்குக் குறைந்தது 60 நாளுக்கு முன் கொடுக்கவேண்டும். குடும்பத்தில் எல்லோருடைய விசாவும் ஒரே நாளில் முடியும் என்று நம்பாதீர்கள், ஒட்டிய தாளில் ஒவ்வொன்றையும் படியுங்கள். காலாவதியாகி 30 நாளுக்குள் வெளியேறினால் 12 மாதம் மறுநுழைவுத் தடை, 30 நாளைத் தாண்டினால் 5 ஆண்டு. பிள்ளையின் விசா தவறினாலும் தடை பிள்ளையின் பெயரில் விழும்.

அங்கே குழந்தை பிறந்தால் 30 நாளுக்குள் உள்துறை அலுவலகத்தில் பதியுங்கள்; பெற்றோர் இருவர் பெயரும் உள்ள முழுச் சான்றிதழ் கேளுங்கள். தற்காலிக விசாவில் இருக்கும் பெற்றோரின் குழந்தைக்குத் தென்னாப்பிரிக்கக் குடியுரிமை பிறப்பால் வராது. இந்தியக் குடியுரிமைக்கு ஓராண்டுக்குள் இந்தியத் தூதரகத்தில் பதியவேண்டும். பிரிட்டோரியாவில் உயர் ஆணையமும், ஜோகன்னஸ்பர்க், டர்பன், கேப்டவுனில் துணைத் தூதரகங்களும் இருக்கின்றன. பாஸ்போர்ட் வந்த பிறகு அந்தக் குழந்தைக்கும் விசா எடுக்கவேண்டும். காப்பீட்டில் சேர்ப்பதற்கும் பெரும்பாலான திட்டங்களில் 30 நாள்தான் கெடு. பிரசவத்துக்கு ஒரு மாதம் முன்பே படிவங்களை நிரப்பி, பெயரும் தேதியும் மட்டும் மிச்சம் வைத்திருங்கள்.